வீட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரு பாஸ்வேர்ட் மேனேஜர்

பாஸ்வேர்ட் மேனேஜர் எது நல்லது என்று தேடினால் வருகிற கட்டுரைகள் எல்லாமே தனி ஆளுக்கு எழுதியவை. அந்த ஆளுக்கு வயது முப்பது இருக்கும், மேசையில் லேப்டாப் இருக்கும், வீட்டில் மாமனார் மாமியார் என்று யாரும் இருக்க மாட்டார்கள். மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக் கணக்கு வேறு. மாமா, அத்தை, இவர், நான், புனேயில் ஹாஸ்டலில் இருக்கிற மகள், ஒன்பதாவது படிக்கிற பையன். மகளிடம் ஐபோன், மற்றவர்களிடம் ஆண்ட்ராய்டு. மாமா நெட் பேங்கிங்கை மட்டும் கம்ப்யூட்டரில்தான் செய்வார், போனில் செய்தால் விரல் தவறிப் பணம் வேறு யாருக்கோ போய்விடும் என்பது அவர் கட்சி. இதுபோக பாளையங்கோட்டையில் என் அம்மா.

இவ்வளவு பேருக்கும் பொதுவாக ஒன்றைத் தேடியதில் எனக்குத் தெளிவானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்டு எவ்வளவு கெட்டி என்ற கேள்விக்கு இன்றைக்குப் பெயர் பெற்ற செயலிகள் பெரும்பாலானவற்றிடம் நல்ல பதில் இருக்கிறது. குடும்பத்துக்குக் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. அத்தை மாஸ்டர் பாஸ்வேர்டை, அதாவது மற்ற பாஸ்வேர்டுகள் எல்லாம் இருக்கிற பெட்டகத்தைத் திறக்கிற அந்த ஒன்றை, மறந்துவிட்டால் அன்றைக்கு என்ன ஆகும்? எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கிற ஆள் திடீரென்று இல்லாமல் போனால் மற்றவர்கள் எப்படி உள்ளே போவார்கள்? இந்த இரண்டுக்கும் நேரான பதில் இல்லாத செயலி என் வீட்டுக்கு வேண்டாம், அதை உருவாக்கியவர்கள் எவ்வளவு பெரிய கணித மேதைகளாக இருந்தாலும் சரி.

இதற்கு முன் எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பார்த்தது மாமாவின் டைரி. வங்கியில் புது வருஷத்துக்குக் கொடுக்கிற டைரிதான், பச்சை ரெக்சின் அட்டை, பக்கத்துக்கு ஒரு தலைப்பு: கேஸ், கரண்ட், பென்ஷன், ரயில். பென்ஷன் பக்கத்தில் முருகன் பெயர், ஒரு அட் குறி, ஒன்று என்று இருக்கும். அதை அடித்துவிட்டு அதே முருகன், இரண்டு. அப்புறம் மூன்று. இப்படியே இறங்கிப் பத்தைத் தாண்டி, கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காக எழுதியிருப்பார். இதில் மாமாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று வங்கி சொன்னது, மனிதர் மாற்றினார். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து போடு, அவ்வப்போது மாற்று என்ற இந்த உபதேசத்தை உலகமெல்லாம் பரப்பியது அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டுக்காக 2003-ல் எழுதப்பட்ட ஒரு வழிகாட்டி. அதே நிஸ்ட் 2017-ல், திருடு போனதற்கு அடையாளம் இல்லாமல் சும்மா மாற்றச் சொல்லாதீர்கள், நீளமாக இருப்பதுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டது. நம் வங்கிகளில் பலவற்றுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

டைரியைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ரஷ்யாவில் உட்கார்ந்திருக்கிற திருடனால் செம்பூர் அலமாரிக்குள் இருக்கிற டைரியைத் திறக்க முடியாது. அதன் பிரச்சினை வேறு: அது ஒரே இடத்தில்தான் இருக்கும். சாளுக்யா எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்குத் தத்கால் போட வேண்டும், ஏசிக்குக் காலை 10 மணிக்குத் திறக்கும், 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்காகவும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு மாமாவுடையது, டைரி வீட்டில், மாமா கோயிலில், நான் அலுவலகத்தில். மணி 9:56. இந்த நிலைமையில் வீட்டுக்குப் போன் போட்டு, அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்து, "எஸ்ஸா, அஞ்சா, ஒண்ணும் தெரியலையே" என்று படித்துச் சொல்லி முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டிவிடும்.

இன்னொரு பிரச்சினை, எல்லாப் பக்கத்திலும் அதே முருகன்தான். பிக்பாஸ்கெட்டில் 2020-ல் 2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விவரங்கள் திருடு போயின. அடுத்த வருஷம் ஏப்ரலில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியே கொட்டிவிட்டார்கள். மின்னஞ்சல், போன் எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி, ஹாஷ் செய்யப்பட்ட (நேரடியாகப் படிக்க முடியாதபடி உருமாற்றிய) பாஸ்வேர்ட் எல்லாம் அதில் உண்டு. மளிகைக் கடையில் ஒரு பாஸ்வேர்ட் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அதே பாஸ்வேர்ட் ஜிமெயிலுக்கும் இருந்தால் அந்தத் திருடன் அடுத்து நேரே அங்கேதான் போய்ப் பார்ப்பான், கையால்கூட இல்லை, புரோகிராம் எழுதி ஒரே இரவில் லட்சக்கணக்கில் பார்ப்பான். மளிகைக்கும் மின்னஞ்சலுக்கும் பென்ஷனுக்கும் ஒரே முருகனைக் காவல் வைத்தால் அவர்தான் என்ன செய்வார். உங்கள் மின்னஞ்சல் இப்படி எங்கெங்கே போயிருக்கிறது என்று பார்க்க, ஆஸ்திரேலியாவின் ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ஹாவ் ஐ பீன் போன்ட் (Have I Been Pwned) தளத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம்தான்.

சரி, செயலிகளுக்கு வருவோம்.

கூகுளை முதலில் பார்த்தேன், ஏனென்றால் ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் அது ஏற்கெனவே இருக்கிறது, காசு கிடையாது, யாருக்கும் ஒன்றும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். தனி ஆளுக்கு, அதுவும் இதுவரை எதுவுமே வைத்துக்கொள்ளாத ஆளுக்கு, அதுவே போதும் என்று கூசாமல் சொல்வேன். 2024 முதல் குடும்பக் குழுவுக்குள் பாஸ்வேர்டைப் பகிரவும் முடிகிறது. ஆனால் பகிரும்போது மற்றவருக்குப் போவது ஒரு நகல். நான் கரண்ட் பில் பாஸ்வேர்டை மாற்றினால் இவரிடம் பழையதே இருக்கும். அப்புறம் இன்னொன்று, எல்லாமே கூகுள் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கு ஏதோ காரணத்தால் முடங்கினால் மின்னஞ்சல், போட்டோ, பாஸ்வேர்ட் மூன்றும் சேர்ந்து போகும். ஆப்பிளின் பாஸ்வேர்ட்ஸ் செயலி 2024-ல் ஐஓஎஸ் 18-ஓடு தனியாக வந்தது, அழகாகவே இருக்கிறது, மகளுக்குப் பிடித்தும் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கீபாஸ் என்று ஒன்று 2003-லிருந்து இருக்கிறது. ஒரே ஒரு பூட்டிய கோப்பு, அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம், எந்தக் கம்பெனிக்கும் காசு தர வேண்டாம், எந்தக் கம்பெனி மூடினாலும் கவலை இல்லை. பெங்களூரில் இருக்கிற என் கொழுந்தனார் இதைத்தான் சொன்னார், அதோடு நிற்காமல் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் வீட்டிலேயே சர்வர் போட்டுத் தருகிறேன் என்று அடுத்த கட்டத்துக்கும் போனார். அவர் சொல்வது தொழில்நுட்பமாக முழுக்கச் சரி. ஆனால் அந்தக் கோப்பை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால் எது புதியது என்று பார்த்துச் சேர்க்க ஒருவர் வேண்டும், சர்வர் நின்றுபோனால் தட்டிக் கொட்ட ஒருவர் வேண்டும், அந்த ஒருவர் பெங்களூரில் இருக்கிறார். கணினி தெரிந்த ஒரே ஆளை நம்பி வீட்டின் சாவியெல்லாம் இருப்பதை மாற்றத்தானே இவ்வளவு பாடு.

நம் ஊர் ஸோஹோ வால்டையும் பார்க்காமல் விடவில்லை. தனி ஆளுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது, இந்தியாவிலேயே டேட்டா சென்டர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் அமைப்பு முழுக்க அலுவலகக் குழுக்களை மனதில் வைத்துச் செய்தது. அத்தையை ஒரு அலுவலகத்தின் யூசராகச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

லாஸ்ட்பாஸ் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பீர்கள். ஒரு காலத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். 2022 ஆகஸ்டில் உள்ளே யாரோ புகுந்துவிட்டார்கள் என்று அறிவித்தார்கள், டிசம்பர் 22-ம் தேதி வாடிக்கையாளர்களின் பெட்டகங்களே நகலெடுக்கப்பட்டு வெளியே போய்விட்டன என்று சொன்னார்கள். பாஸ்வேர்டுகள் பூட்டப்பட்டுத்தான் இருந்தன, ஆனால் எந்தெந்தத் தளங்களில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் பூட்டாமல் கிடந்தன. பழைய கணக்குகள் சிலவற்றில் மாஸ்டர் பாஸ்வேர்டை அரைத்துப் பூட்டாக மாற்றுகிற சுற்றுகளின் எண்ணிக்கையும் மிகக் குறைவாக, 5,000 அளவில் இருந்தது. இப்போது பரிந்துரைக்கப்படுவது 6,00,000. சுற்று அதிகமானால் திருடனுக்கு ஒவ்வொரு யூகத்துக்கும் அவ்வளவு நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, பெட்டகம் ஒருநாள் களவு போகும் என்று வைத்துக்கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும், அப்படிப் போனாலும் திறக்க முடியாதபடி மாஸ்டர் பாஸ்வேர்ட் இருக்க வேண்டும்.

கடைசியில் களத்தில் நின்றது இரண்டு: ஒன்பாஸ்வேர்டு, பிட்வார்டன்.

ஒன்பாஸ்வேர்டு மேலே சொன்ன களவுக்கு நேரடியாகப் பதில் வைத்திருக்கிறது. மாஸ்டர் பாஸ்வேர்டோடு கூட 34 எழுத்தும் எண்ணுமாக ஒரு ரகசியச் சாவியையும் தருவார்கள். அது உங்கள் சாதனங்களிலும் நீங்கள் அச்சடித்து வைத்த காகிதத்திலும் மட்டும் இருக்கும். பெட்டகம் திருடு போனாலும் அந்தச் சாவி இல்லாமல் யூகித்துத் திறப்பது நடக்காத காரியம். மறதிக்கும் நல்ல ஏற்பாடு உண்டு: குடும்ப நிர்வாகியாக இருப்பவர் மறந்தவரின் கணக்கை மீட்டுத் தரலாம். உண்மையைச் சொன்னால் என் முதல் கேள்விக்கு இதுதான் சிறந்த பதில். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், காசு பெரிய விஷயமில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள். எனக்கு உதைத்தது என்னவென்றால், குடும்பத் திட்டம் ஐந்து பேருக்கு, இலவசத் திட்டமே கிடையாது, சந்தா நின்றால் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், புதிதாக எதுவும் சேர்க்க முடியாது. நாளைக்கு நான் இல்லாமல் போய், என் கார்டும் நின்றுபோய், மாமா டாலரில் சந்தா கட்ட வேண்டிய நிலைமையை யோசித்துப் பார்த்தேன். நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை 2020 அக்டோபரிலிருந்து நாமே போய்த் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும், தானாகப் பிடிக்கிற சந்தாவுக்கு 2021-லிருந்து தனிக் கட்டுப்பாடு வேறு. வருஷம் முடிந்து புதுப்பிக்கும்போது பாதி நேரம் நிராகரித்துவிடும்.

பிட்வார்டன் ஓப்பன் சோர்ஸ், அதாவது அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். தனி ஆளுக்கு இலவசமாகவே எத்தனை பாஸ்வேர்ட் வேண்டுமானாலும், எத்தனை சாதனத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். குடும்பத் திட்டத்தில் ஆறு பேர். அதற்கும் டாலர்தான், ஆனால் சந்தா நின்றால் ஒவ்வொருவரின் சொந்தப் பெட்டகமும் இலவசக் கணக்காக அப்படியே ஓடும், பொதுவில் வைத்தவைதான் முடங்கும். தோற்றம் கொஞ்சம் வறட்சி, அரசாங்க அலுவலகப் படிவம் மாதிரி. அதைப் பற்றி மகள் மட்டும்தான் புகார் சொன்னாள்.

இதில் என்னைக் கட்டிப்போட்டது அவசர அனுமதி என்ற வசதி. நான் இவரை என் அவசரத் தொடர்பாக வைக்கிறேன், காத்திருக்க வேண்டிய காலத்தையும் நானே குறிக்கிறேன், ஒரு நாளிலிருந்து தொண்ணூறு நாள் வரை வைக்கலாம். இவர் ஒருநாள் "திறக்க வேண்டும்" என்று கேட்டால் எனக்கு மின்னஞ்சல் வரும். நான் நலமாக இருந்தால் மறுத்துவிடுவேன். அந்தக் காலம் முடிகிற வரை என்னிடமிருந்து சத்தமே இல்லை என்றால் அவருக்குத் திறந்துவிடும். இதிலும் இரண்டு வகை: பார்க்க மட்டும் விடலாம், அல்லது புது மாஸ்டர் பாஸ்வேர்ட் போட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ள விடலாம். பிட்வார்டனின் குடும்பத் திட்டத்தில் நிர்வாகி மற்றவரின் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்ற முடியாது, கம்பெனியாலும் முடியாது, ஆகவே மறதிக்கும் இதையே மருந்தாக வைத்துக்கொண்டேன். அத்தையின் கணக்கை எடுத்துக்கொள்கிற உரிமை எனக்கு, காத்திருப்பு ஒரே நாள், ஏனென்றால் அத்தை அடுத்த அறையில்தான் இருக்கிறார். என் கணக்குக்கு இவரும் மகளும், காத்திருப்பு ஒரு வாரம். அத்தையின் கணக்கை அப்படி எடுத்துக்கொண்டால் அது குடும்பக் குழுவிலிருந்து கழன்றுவிடும், மறுபடி அழைத்துச் சேர்க்க வேண்டும், பெரிய விஷயமில்லை.

மாஸ்டர் பாஸ்வேர்ட் வைக்கிற படலம்தான் நிஜமான வேலை. ஆங்கிலத்தில் டைஸ்வேர் என்று ஒரு முறை 1995-லிருந்து இருக்கிறது. பகடையை ஐந்து முறை உருட்டினால் ஐந்து இலக்க எண் வரும், 7,776 சொற்கள் உள்ள பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கிற சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும், இப்படி ஐந்தாறு சொற்கள். நாமே யோசித்துப் போடுகிற சொற்களில் எப்படியும் பேரன் பெயரும் குலதெய்வமும் வந்துவிடும், பகடைக்கு அந்தப் பாசம் கிடையாது. எனக்கும் இவருக்கும் அப்படியே செய்துவிட்டேன். அத்தைக்கு அந்த ஆங்கிலப் பட்டியல் சரிப்படவில்லை. ஒரு பழைய தமிழ் அகராதியை எடுத்து, பக்க எண்ணுக்கும் அந்தப் பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பதற்கும் பகடை உருட்டிச் சொற்களைப் பொறுக்கினோம். பையனுக்கு நல்ல பொழுதுபோக்கு, வீட்டில் இருந்த தாயக்கட்டையைக் கொண்டுவந்து அதற்கு நாலு பக்கம்தான் என்று ஏமாந்து, லூடோ பெட்டியைத் தேடி எடுத்தான்.

சொற்கள் கிடைத்த பிறகு அடுத்த தலைவலி, அவற்றை ஆங்கில எழுத்தில் அடிப்பது. ழ வந்தால் இஸட் எச் போடுவதா, வெறும் எல் போடுவதா? நெடிலுக்கு இரண்டு ஏவா, ஒரு ஏவா? அத்தை வாட்ஸ்அப்பில் அடிப்பதைப் பார்த்தால் ஒரே சொல்லை ஒரே நாளில் மூன்று விதமாக அடிப்பார். மாஸ்டர் பாஸ்வேர்டில் அந்தத் தாராளத்துக்கு இடமில்லை. ஆகவே ழ, ள, ற, நெடில் எதுவும் குழப்பாத சொற்கள் வருகிற வரை திரும்பத் திரும்ப உருட்டி, ஒரு சொல் கூடுதலாகவும் சேர்த்து, சொற்களுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்து, எல்லாம் சின்ன எழுத்தில் என்று முடித்தோம். "இதுல ஒரு அர்த்தமும் இல்லையேம்மா" என்றார் அத்தை. அர்த்தம் இருந்தால்தான் ஆபத்து என்று சொல்லி வைத்தேன். தினமும் சாமி விளக்கு ஏற்றியபின் ஒருமுறை அடித்துப் பார்ப்பார், இப்போது மந்திரம் மாதிரி ஓடுகிறது.

தினசரிக்கு விரல் ரேகை போதும் என்று நினைத்திருந்தேன். வயதான கைகளில், அதுவும் வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்துத் துணி அலசிய கைகளில், ரேகை பாதி தேய்ந்திருக்கிறது, போன் ஏற்பதில்லை. முகத்தைக் காட்டித் திறக்கலாம் என்றால், பல ஆண்ட்ராய்டு போன்களில் முகம் திரையைத் திறக்கும், ஆனால் பாஸ்வேர்ட் மேனேஜர் மாதிரிச் செயலிகள் கேட்கிற அளவுக்கு அது பலமானதில்லை என்று ஒதுக்கிவிடும். அத்தையின் போன் அந்த ரகம். செயலிக்கு மட்டும் தனியாக ஒரு பின் எண் வைத்துக் கொடுத்தேன். திரை திறக்கிற எண் பேரனுக்குத் தெரியும், இது தெரியாது.

மாமாவை மடக்கியது முகவரி பார்க்கிற வேலை. ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் அந்தத் தளத்தின் சரியான முகவரியைச் செயலி சேர்த்து வைத்திருக்கும், அதே முகவரியில் நின்றால்தான் நிரப்பித் தரும். போலித் தளம் எவ்வளவு அச்சாக இருந்தாலும் அசையாது. மாமாவுக்கு வங்கியின் அசல் பக்கமும் போலிப் பக்கமும் ஒன்றாகத்தான் தெரியும், அவசரத்தில் எனக்கும் அப்படித்தான், செயலிக்கு அப்படித் தெரியாது. இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்த கொஞ்ச நாளில் ஒரு வேடிக்கை. வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க்.இன் என்று முடிகிற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. மாமாவின் வங்கியும் மாறியது. "ஏம்மா, இது வாயை மூடிக்கிட்டே இருக்கு, சைட்டு போலியா?" என்று கேட்டார். சந்தோஷமாக இருந்தது, கேட்க வேண்டிய கேள்வியைத்தானே கேட்டார். கிளையில் போய்ப் புது முகவரியை உறுதி செய்துகொண்டு, அந்தப் பதிவிலேயே இரண்டாவது முகவரியாகச் சேர்த்துவிட்டோம். உங்கள் வீட்டிலும் வங்கிப் பதிவுகள் திடீரென்று ஊமையாகியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம், அதற்காக வந்த மெசேஜில் இருக்கிற லிங்கைத் தட்டிப் போய் நகலெடுத்து ஒட்டிவிடாதீர்கள்.

பொதுப் பெட்டகத்தில் நாங்கள் வைத்தது கொஞ்சம்தான்: ரயில், கரண்ட், கேஸ், சொசைட்டி, வைஃபை, பள்ளிக்கூடம், ஓடிடி. ஏடிஎம் பின், யூபிஐ பின் எதையும் எங்கேயும் வைக்கவில்லை, அது அவரவர் மண்டைக்குள் இருக்கட்டும். மகள் முதலில் கேட்டது, "நான் உள்ளே என்ன வச்சிருக்கேன்னு நீ பார்ப்பியாம்மா?" முடியாது. குடும்பத் திட்டத்துக்குக் காசு கட்டுகிறவள் நான் என்றாலும் அவள் சொந்தப் பெட்டகம் எனக்குத் தெரியாது, பொதுவில் அவளாகப் போட்டால்தான் தெரியும். யாரை அவசரத் தொடர்பாக வைப்பது என்பதும் அவள் இஷ்டம். யாரை வைத்தாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, வெளிநாட்டுக் கட்டுரைகளில் வராது. இங்கே பாதிக் கணக்குகளுக்கு உண்மையான சாவி ஓடிபிதான். பாஸ்வேர்ட் கையில் இருந்தும் அந்த எண் யாரிடம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் வாசலோடு நிற்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு பதிவின் குறிப்புப் பகுதியிலும் இந்தக் கணக்குக்கு ஓடிபி எந்த எண்ணுக்கு வரும் என்று எழுதி வைத்தோம். எழுதும்போதுதான் மாமாவின் பழைய எண் ஒன்று இரண்டு இடத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்த சிம் டிராயரில் கிடந்தது. 90 நாள் தொடாமல் கிடந்தால் சிம்மை முடக்கிவிடலாம், பிறகு அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும். இரண்டு இடத்திலும் உடனே மாற்றினோம். பாஸ்வேர்ட் மேனேஜர் வாங்குகிறீர்களோ இல்லையோ, இந்த ஒரு வேலையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

இன்னொரு சுற்றுவளையமும் இருக்கிறது. பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்கிற இரண்டடுக்குச் சரிபார்ப்பு எதுவும் வைக்காதவர்கள் புதுப் போனில் பிட்வார்டனைத் திறந்தால் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்பிச் சரிபார்க்கும். அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்ட் பிட்வார்டனுக்குள் இருக்கிறது. போன் தொலைந்த அன்றைக்கு இதுவும் திறக்காது, அதுவும் திறக்காது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதம்: மாஸ்டர் பாஸ்வேர்ட், மின்னஞ்சல் பாஸ்வேர்ட், மீட்புக் குறியீடுகள். கையால் எழுதி, உறையில் ஒட்டி, பீரோ லாக்கரில். அதை யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம், போட்டோ எடுத்தால் அது கிளவுடுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். மாமா உடனே, "கடைசியில டைரிக்குத்தானே வந்தீங்க" என்றார். ஆமாம், ஒரு பக்கத்துக்கு வந்தோம்.

இறந்தவரின் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய்ப் பணத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது நினைத்தால், வேண்டாம், அது சட்டப்படி வம்பு. பணம் நாமினி வழியாகத்தான் வர வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். பெட்டகம் அங்கே உதவுவது எந்தெந்த வங்கியில் என்னென்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியச் செய்வதில். யாரும் கேட்காமல் பத்து வருஷம் கிடக்கிற டெபாசிட் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும், கேட்டால் திரும்ப வாங்கலாம், ஆனால் இருப்பது தெரிந்தால்தானே கேட்க முடியும்.

மாற்றுகிறவர்களுக்கு இரண்டு சின்ன விஷயம். குரோமிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து பிட்வார்டனுக்குள் போடும்போது நடுவில் ஒரு சிஎஸ்வி கோப்பு வரும், அதில் எல்லாப் பாஸ்வேர்டும் யாரும் படிக்கிற மாதிரி அப்படியே இருக்கும், வேலை முடிந்ததும் குப்பைத்தொட்டியிலிருந்தும் சேர்த்து அழியுங்கள். அப்புறம் குரோமின் சொந்த சேமிப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் மாறி மாறி எட்டிப்பார்த்து, வீட்டுப் பெரியவர்கள் எது எதுவென்று தெரியாமல் இரண்டையும் வெறுத்துவிடுவார்கள்.

ஆறு இடத்தில் கடைசி இடம் யாருக்கு என்பதில்தான் வீட்டில் சண்டை. என் கணக்குப்படி அது பாளையங்கோட்டை அம்மாவுக்கு, ஏனென்றால் அவசரத் தொடர்பு வைக்கிற வசதி இலவசக் கணக்கில் இல்லை, பையனுக்கு இலவசக் கணக்கே தாராளம். தன்னைக் குடும்பத்திலிருந்து நீக்கிவிட்டதாக அவன் ஒரு நாள் முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அம்மாவுக்குப் போன் போட்டுச் செயலியை இறக்கச் சொன்னால் இடமில்லை என்கிறதாம், வாட்ஸ்அப் காலை வணக்கம் படங்களைக் கொஞ்சம் அழிக்கலாமே என்றேன். அதெல்லாம் சாமி படம், அழிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.